தீவு விடுதியில் சூதாட்டச் சாலை

1898 ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் அகினால்டோ தம் இல்லத்திலிருந்து பிலிப்பைன்ஸின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த காவிட் நகரிலே, மணிலாவாசிகள் குடும்ப சகிதம் வந்து நீராடி உல்லாசமாய்ப் பொழுது போக்கிய ‘ஐலண்டு கோவ்’ விடுதி, அயல்தேசத்தார் இணையத்தின் வழியே பணயம் வைப்பதற்கென ஊழியர்கள் அல்லும் பகலும் உழைத்த பெரும் கட்டடத் தொகுதியாக உருமாறிற்று.

தானே சூதாட்ட அரங்குகளை நடத்திக்கொண்டு பிறர் நடத்துவதையும் மேற்பார்வையிடும் அரசு நிறுவனமாகிய பாக்கோர் (கள்ளுக்கடைக்காரரையே மதுவிலக்கு அதிகாரியாக நியமித்தது போன்ற விசித்திர ஏற்பாடு இது!) 2016-ல் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியபோது, ஆடுவோர் அந்நியர், அதிலும் தம் தேசத்தில் சூது விலக்கப்பட்ட சீனர், வரியும் வாடகையும் மட்டுமே நமக்கு என்ற நியாயம் கற்பிக்கப்பட்டது. அயலான் குடி கெட்டால் நமக்கென்ன என்பதுதான் அதன் தாத்பரியம். பின்னர் இத்தகைய கூடங்கள் பலவற்றில் மோசடியும் ஆட்கடத்தலும் சித்திரவதையும் அம்பலமாயின. 2024 ஜூலையில் ஜனாதிபதி மார்க்கோஸ் இளையவர் தடையை அறிவிக்க, அவ்வாண்டு இறுதியில் ஐலண்டு கோவும் ஓய்ந்தது.

தடை நியாயமே. ஆயினும், சொந்தப் பிரஜைகள் கைப்பேசியில் ஆடும் சூதுக்கு அதே பாக்கோர் தொடர்ந்து உரிமம் அளித்து வருகையில், அந்நியரின் ஆட்டத்தை ஒழிப்பதில் காட்டிய வைராக்கியத்தை ராஜாங்கம் இங்கே ஏன் ஒளித்துக்கொள்கிறது?