எறிந்தது 576, எழுதியது பூஜ்யம்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் பெயர்தான் ஃபுட்பால். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ராஜா. இடித்துத் தள்ள ஓடிவரும் தடியர்களுக்கு நடுவே நின்று, தூரத்தில் ஓடும் சகாவுக்குப் பந்தை எறிய வேண்டும். எத்தனை கஜம் எறிந்தார், எத்தனை டச்டவுன், எத்தனை முறை எதிராளி கையில் கொடுத்துத் தொலைத்தார் என்று சகலத்துக்கும் கணக்கு உண்டு. நாலு வருஷ முடிவில் அந்தக் கணக்குதான் அவருடைய ஜாதகம்.

அந்த ஜாதகத்தில் ஒரு அநியாயம் இருக்கிறது.

1989 டிசம்பர் 29. சான் டியேகோவில் ஹாலிடே பவுல். பென் ஸ்டேட் அணிக்கு எதிராக பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் டை டெட்மர் 576 கஜம் எறிந்தார். 39-50 என்று தோற்றுப் போனார்கள், அது வேறு விஷயம். ஊரே பார்த்தது. ஆனால், டெட்மரின் மொத்தக் கணக்கான 15,031 கஜத்தில் இந்த 576-ஐத் தேடிப் பாருங்கள். கிடைக்காது!

காரணம்? சீஸன் முடிந்தபின் நடக்கும் 'பவுல்' போட்டிகளை 2002-க்கு முன் என்.சி.ஏ.ஏ. கணக்கில் சேர்த்ததில்லை. 2002 முதல் சேர்க்கிறார்கள். நல்லது. அப்படியானால் பழையதையும் சேர்ப்பதுதானே முறை? மாட்டார்களாம். 2004-ல் டெட்மரை முந்திய ஹவாயின் டிம்மி சாங்குக்கு 17,072 கஜம். 2011-ல் முடித்த ஹூஸ்டனின் கேஸ் கீனமுக்கு 19,217. இவர்கள் கணக்கில் பவுல் உண்டு, அவர் கணக்கில் இல்லை. பட்டியல் மட்டும் ஒன்றே ஒன்று!

சாங்கையும் கீனமையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எறிந்தது எறிந்ததுதான். 'அந்தக் காலத்து விதி அப்படி' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். விதி எப்படியும் இருக்கட்டும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் பிளே ஆஃப் கணக்கைத் தனியாகவே வைக்கிறார்கள். அது நேர்மை. எல்லாருக்கும் சேர்த்தாலும் நேர்மை. ஒரு தலைமுறைக்கு முழு படி, இன்னொரு தலைமுறைக்கு முக்கால் படி அளந்துவிட்டு, யாரிடம் நெல் அதிகம் என்று போட்டி வைப்பது என்ன நியாயம்?

'வெறும் நம்பர்தானே, விடுங்க சார்' என்கிறீர்களா? விட முடியாது. டிக்கெட், டி.வி. என்று இந்த ஆட்டத்தில் கோடிக்கணக்கில் டாலர் புரண்டது. ஆடிய பையனுக்கோ ஸ்காலர்ஷிப் தாண்டிக் கையில் பெரிதாக எதுவும் இல்லை. தன் பெயரை வைத்து அவன் சம்பாதிக்கவே 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அந்த நம்பரை நம்பி வேலை கொடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1990-ல் ஹைஸ்மன் டிராஃபி வென்ற டெட்மரை 1992-ல் என்.எஃப்.எல். எடுத்தது ஒன்பதாவது ரவுண்டில். ஆக, நம்பர் தந்த ஒரே கூலி பெருமை. அதிலும் கைவைத்தால் எப்படி?

அரங்கம் கட்டச் சொல்லவில்லை, பணம் கேட்கவில்லை. பழைய ஸ்கோர் ஷீட்டை எடுத்துக் கூட்டல் போடுங்கள். முடியாதென்றால், எல்லாருடைய பவுல் கணக்கையும் தனியே பிரித்து வையுங்கள். இரண்டில் ஒன்று.