இளைக்கிறதென்று முடங்கிவிடாதீர்கள்

காசநோய்க்கு 6 மாதம் தவறாமல் மருந்து உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்ற நற்செய்தியையும் பெற்றுவிட்டீர்கள். ஆயினும் மாடிப்படி ஏறுகையில் மூச்சு இளைக்கிறதா?

கிருமி அழிந்தாலும் நுரையீரலில் அது உண்டாக்கிய தழும்பு நிலைத்துவிடக்கூடும். இளைப்புக்கு அஞ்சி உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கும் அதிக மூச்சைக் கேட்கிறது. இளைப்பு மேலும் கூடுகிறது. தழும்பை நம்மால் அகற்ற இயலாது. கால்களின் வலிமையையோ மீட்கலாம்.

முதலாவது, நோய் திரும்பவில்லை என்பதையும், இருதயத்தின் நிலையையும், இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் மருத்துவரிடம் அறிந்துகொள்ளுங்கள். அவர் அனுமதித்தால் சமதரையில் தினமும் 5 நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். நடக்கையில் பேச முடியவேண்டும், பாட முடியாது. அதுவே ஏற்ற வேகம். இளைத்தால் நின்று, மூக்கினால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து, இழுத்ததைவிட இருமடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும் தொடைகளுக்கு நற்பயிற்சியே. டெல்லி போன்ற நகரங்களில் குளிர்காலப் புகைமூட்டம் சூழும் நாட்களில் வீட்டிற்குள்ளேயே நடங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு விரையுங்கள். இருமல் 2 வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் தென்பட்டாலோ, மீண்டும் பரிசோதனை அவசியம்.

பல வாரப் பொறுமைக்குப்பின், இடையில் இருமுறை நின்று ஏறிய படிகளை ஒருமுறை மட்டும் நின்று ஏறினால், அதுவும் முன்னேற்றமே.