டிக்... டிக்... சத்தம் கேட்டதா? உடனே கழற்றுங்கள்!

போன மாதம் எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் மாடி வீட்டு மாமி கண்கலங்கி வந்து நின்றார். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். அலமாரியைத் துடைக்கும்போது கீழே விழுந்துவிட்டதாம்.

"மாமாவோட அறுபதாம் கல்யாண வீடியோ இதுல மட்டும்தான்பா இருக்கு. அவர் குரலைக் கேக்க வேற வழியே இல்லை."

"எத்தனை தடவை கனெக்ட் பண்ணிப் பார்த்தீங்க மாமி?"

"பேரன் பத்து தடவை போட்டுப் பார்த்தான். டிக் டிக்னு சத்தம்தான் வர்றது."

விழுந்ததைவிட அந்தப் பத்து தடவைதான் எனக்குக் கவலை தந்தது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகின்றன. படிக்கும் முனை அவற்றைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விழுந்ததில் முனை வளைந்திருந்தால், ஒவ்வொரு முறை கரன்ட் கொடுக்கும்போதும் அது தட்டைச் சுரண்டலாம். சுரண்டப்படுவது நம் வீடியோதான்!

சேதம் எங்கே என்று வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம்.

டிக் டிக் அல்லது உரசல் சத்தம்: பெரும்பாலும் முனையில் கோளாறு. உடனே கழற்றுங்கள். ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டவே வேண்டாம்.

கருகிய வாசனை, சுற்றும் சத்தமே இல்லை: சர்க்யூட் போர்டு போயிருக்கலாம். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும்.

தண்ணீரில் நனைந்தது: 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் வந்ததை மறக்க முடியுமா? பல டிஸ்க்குகளில் காற்றுக்கென ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர், அரிசி டப்பா எதுவும் வேண்டாம். சேறு காய்ந்தால் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் சுற்றி, கவரில் மூடி, சீக்கிரம் நிபுணரிடம் கொடுங்கள்.

வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். கல்பனா சாவ்லா உட்பட 7 பேரைப் பலிகொண்டு 2003 பிப்ரவரி 1-ல் சிதறியது கொலம்பியா விண்கலம். அதிலிருந்த ஹார்ட் டிஸ்க், ஆறு மாதம் கழித்து வறண்ட ஏரிப் படுகையில் கருகிக் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். காரணம், தகவல் இருந்த இடத்தில் தட்டு கீறவில்லை. மாமியின் டிஸ்க்கில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை!

ரிச்சி ஸ்ட்ரீட்டோ தி.நகரோ, எங்கே கொடுத்தாலும் முதலில் கேளுங்கள்: "தூசி இல்லாத அறையில்தான் திறப்பீங்களா?" கடை மேஜையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால், டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாமியின் டிஸ்க்கில் மூன்று வீடியோ, இரண்டு மீண்டன. மாமா சிரிப்பது இருக்கிறது. அவர் பேசியது மூன்றாவதில்.

இன்றே இன்னொரு காப்பி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.