நிலத்தின் அடியமைப்பும் எண்ணெய்க் கிணறுகளும்

காவேரி டெல்டாவில் ஒரு கிராமத்து வயலில் எண்ணெய்க் கிணறு இறக்கப்படுவதும், அடுத்த கிராமம் தொடப்படாமல் விடப்படுவதும் தற்செயலன்று. மேலே சமதளமாய்க் காணும் இப்பூமியின் அடியில் பெரும் மேடுகளும் பள்ளங்களும் உள. அவற்றை ஆராய்ந்தே கிணற்றுக்கு ஸ்தலம் குறிக்கப்படுகிறது. அவ்வாராய்ச்சியின் பலன் நிலச்சொந்தக்காரர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் தெரிவிக்கப்படுதல் வேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுபடலான காலத்தில், இங்குள்ள அடிப்பாறை வடகிழக்குத் தென்மேற்காக வெடித்தது. சில பாகங்கள் அமிழ்ந்தன. சில, வரம்புபோல் நின்றன. அரியலூர்-புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் முதலியவை பள்ளங்கள். கும்பகோணம்-மாதானம், காரைக்கால், வேதாரண்யம் முதலியவை அவற்றினிடையே நிற்கும் மேடுகள். பள்ளங்களில் வண்டல் படிந்து, சிற்சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் அதிகமான கனமுள்ள பாறையாயிற்று. வாய்க்காலின் தலைப்பில் மணலும் கடைமடையில் நுண்ணிய வண்டலும் தங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அங்கும் நிகழ்ந்தது அதுவே. உயிர்ப்பொருள் கலந்த நுண்வண்டல் ஆழத்தின் உஷ்ணத்தால் எண்ணெயையும் வாயுவையும் ஈன்றது. இவை நீரினும் இலேசானவையாதலின், மணற்பாறை வழியே மேலேறி, மேடுகளின் சரிவுகளில் களிப்பாறை மூடிய இடங்களில் தங்கின. (எண்ணெய் பாதாளத்தில் குளம்போல் நிற்கிறதென்று எண்ணுவோர் இன்றும் உளர். அது பாறையின் நுண்துளைகளில் ஊறியிருப்பதேயாம்.)

எனினும் அடியமைப்பை அறிந்த மாத்திரத்தில் எண்ணெய் அகப்பட்டுவிடாது. காரைக்காலில் முதல் ஆழ்கிணறு இறக்கப்பட்டது 1964-ல். நரிமணத்தில் எண்ணெய் கிட்டியதோ 1980-களில். அவ்வறிவின் பெரும்பயன் எங்கே துளையிட வேண்டாம் என்று காட்டுவதே. எண்ணெயில்லாத கிணறு ஒன்றுக்காகவும் பாதை போடப்படுகிறது, கப்பி கொட்டப்படுகிறது, மேல்மண் இறுகுகிறது. கம்பெனிக்கு அது கணக்கில் ஒரு நஷ்டம். மிராசுதாருக்கோ சாகுபடியே நஷ்டம்.

2020-ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்துள்ளது. ஆனால் ராமநாதபுரம் ஜில்லா அம்மண்டலத்தில் சேரவில்லை. அடிப்பாறையின் பிளவுகளோ ஜில்லா எல்லையோடு நிற்பவையல்ல. ஆகவே சிறு வெடி வைத்து அதன் எதிரொலியை அளப்போர் வயலில் கால் வைக்குமுன், மேடு பள்ளங்களைக் கிராமப் பெயர்களுடன் காட்டும் தமிழ்ப் படமொன்று தாலுகா கச்சேரியில் வைக்கப்படல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அதைக் கிராம சபையில் விளக்கிய பின்னரே நிலச்சொந்தக்காரரின் சம்மதம் கேட்கப்படல் வேண்டும்.