பியானோ சோறு போடுமா?



போன வாரம் ஆம்பூரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். "சார், பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. பியானோ வாசிக்கிறதையே தொழிலா எடுத்துக்கறேன்னு அடம் பிடிக்கிறா. அது சோறு போடுமா? நீங்க சொன்னா கேப்பா" என்றார். இதே கேள்வி இன்னும் நாலு வீட்டில் இருக்கும் என்பதால், அவரிடம் சொல்லிவிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் கசப்பான உண்மை. கச்சேரி வாசித்து மட்டும் பிழைக்கும் பியானோ கலைஞர்கள் நம் நாட்டில் மிகச் சிலர். 2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டிவி போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றபோது, அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் எனக்கு அனுப்பினீர்கள். அதைக் கணக்கில் வைத்துப் பிள்ளையை இறக்கிவிடாதீர்கள். அது பரிசு, சம்பளம் இல்லை.

ஆனால் மேடை ஒன்றுதான் வழியா? மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்துகொண்டு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். பொது ஜனத்துக்கு அவர் பெயர் அதிகம் தெரியாது. அவரிடம் படித்தவர் இளையராஜா. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது, அந்த லாட்ஜ் அறையைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். வாத்தியார் புத்தி அப்படித்தான்.

இப்போது நம் காலத்தில் அனில் சீனிவாசனைப் பாருங்கள். சிக்கில் குருசரண் கர்நாடக இசை பாட, இவர் பியானோ வாசிக்கிறார். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரம்தான். வீணை மாதிரி இழுத்துக் கமகம் கொடுக்க முடியாது. அந்தக் குறையை வைத்துக்கொண்டே பாட்டுக்குத் துணை நிற்க வழி கண்டார். அதோடு நிற்காமல், பள்ளிகளுக்கு இசையைக் கொண்டுபோக 'ராப்சடி' என்ற அமைப்பையும் தொடங்கினார். மேடையில் தோற்றவர்தான் வகுப்புக்குப் போவார் என்பது நம் தப்பான எண்ணம்.

ஆகவே என் கருத்து இது. பிளஸ் டூவை நிறுத்தவே கூடாது. கூடவே டிரினிட்டி கிரேடு தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதட்டும். மொத்தம் 8 கிரேடு. வீட்டில் இருக்கும் லேசான கீபோர்டில் விரலுக்குப் பலம் வராது. அதனால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது ரயிலேறிச் சென்னை போய், 88 கட்டையுள்ள நிஜ பியானோவில் உட்காரட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு இப்போதே சொல்லிக்கொடுக்கட்டும். பொறுமை இருக்கிறதா என்று இரண்டு வருடத்தில் அவளுக்கே தெரிந்துவிடும்.

"நம்ம ஊருக்கும் பியானோவுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றும் கேட்டார். பியானோவைத் திறந்து பார்த்தால், சுத்தியலைத் தூக்கும், பிடித்து நிறுத்தும் பாகங்களில் மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். தோல் இல்லாமல் பியானோ இல்லை தம்பி.

கடைசியாக ஒரு குற்ற ஒப்புதல். பல வருடம் முன்பு, கணக்கு வகுப்பில் மேசையில் தாளம் போட்ட பையனை வெளியே நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு அவன் மேசையைத் தொடவே இல்லை. அன்று நான் ஜெயித்ததாக நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அந்தப் பொண்ணு விஷயத்தில் அதே தப்பை என்னால் மறுபடி செய்ய முடியாது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அவளும் படிப்பாள்.