வெளிநாட்டுப் பிளான் இருக்கட்டும், ஊர் நம்பர் என்ன ஆகும்?

துபாய், ரியாத், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரண்டு மூன்று வருட வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே எந்த சிம் நல்லது? எந்தப் பிளான் போடலாம்?" எங்கள் ஊரான அதிராம்பட்டினத்தில் இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. சபுராளிகள் (வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்கள்) நிறைந்த ஊர். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது.

அங்கே போய் வாங்கும் சிம் சரியில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றிக் கொள்ளலாம். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் இந்திய நம்பரைக் கோட்டை விட்டால் அதைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். எனவே நீண்ட நாள் வெளிநாட்டில் தங்குபவர் முதலில் தேர்வு செய்ய வேண்டியது அங்குள்ள பிளானை அல்ல, இங்குள்ள நம்பரை உயிரோடு வைத்திருக்கும் பிளானை. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். "அங்கே போன பிறகு இந்த சிம் எதற்கு?" என்கிறார்கள்.

ஒரு காலத்தில் அந்தக் கேள்வி நியாயமாக இருந்திருக்கும். 2002 ஏப்ரலில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏகபோகம் முடிந்து ஐ.எஸ்.டி. கட்டணங்கள் இறங்கத் தொடங்கும் வரை, வெளிநாட்டுப் பேச்சு என்றால் பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான். அப்போது போன் நம்பர் பேசுவதற்கு மட்டுமே. இப்போது அதே பத்து இலக்கத்தில் வங்கிக் கணக்கு, யு.பி.ஐ., ஆதார், வருமான வரி லாகின், கேஸ் புக்கிங் என்று எல்லாமே தொங்குகின்றன. சாவிக் கொத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு விமானம் ஏறுவீர்களா?

எங்கள் தெருக்காரர் ஒருவர் ரியாத் போனதும் இந்திய சிம்மைக் கழற்றி பர்சில் வைத்துவிட்டார். பல மாதம் கழித்து தங்கச்சி கல்யாணச் செலவுக்காக இங்குள்ள டெபாசிட்டை உடைக்க நெட் பேங்கிங்கில் நுழைந்தார். ஓ.டி.பி. வரவில்லை. விசாரித்தால் நம்பர் எப்போதோ ரத்தாகி, வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது. வங்கியில் கேட்டதற்கு, நேரில் வந்து நம்பரை மாற்றிக் கொள்ளுங்கள் என்றார்கள். விடுப்புக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. சொந்தப் பணம் வங்கியில் தூங்க, கடன் வாங்கித்தான் கல்யாணம் நடந்தது.

இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் வேடிக்கை. ரத்தான நம்பரை 90 நாட்களுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பதே நடைமுறை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் இதே விவரம் சொல்லப்பட்டது. பழைய நம்பரோடு இணைந்த விவரங்களைப் பாதுகாத்துக் கொள்வது பழைய சந்தாதாரரின் வேலை என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2025 ஏப்ரல் முதல் இன்னும் கெடுபிடி. ரத்தான, கைமாறிய நம்பர்களின் பட்டியலை வாராவாரம் பார்த்து யு.பி.ஐ. பதிவுகளைச் சரி செய்யும்படி வங்கிகளுக்கு என்.பி.சி.ஐ. கட்டளையிட்டிருக்கிறது. மோசடியைத் தடுக்க இது அவசியம்தான். ஆனால் சிம்மைப் பர்சில் வைத்திருப்பவருக்கு நம்பரோடு யு.பி.ஐ.யும் போய்விடும்.

சரி, உயிரோடு வைக்க எவ்வளவு செலவாகும்?

"20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் போதும்" என்று பலர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் உண்டு. 90 நாள் பயன்படுத்தாவிட்டாலும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் ப்ரீபெய்ட் நம்பரை ரத்து செய்யக்கூடாது என்பது டிராய் 2013-ல் கொண்டுவந்த விதி. ஆனால் 2018 நவம்பர் வாக்கில் தனியார் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்தன. வேலிடிட்டி முடிந்தால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங்கும் நிற்கும். அதாவது 20 ரூபாய் உங்கள் நம்பரைக் காப்பாற்றலாம், ஓ.டி.பி.யைக் கொண்டுவந்து தராது. வெளிநாட்டில் இருப்பவருக்கு வேண்டியது பின்னதுதான்.

அந்தக் குறைந்தபட்ச ரீசார்ஜ் வளர்ந்த வேகத்தையும் பாருங்கள். 2018-ல் ஏர்டெல்லில் 28 நாளைக்கு 35 ரூபாய். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு 199 ரூபாய். வருடத்துக்கு 13 முறை போட்டால் 2,587 ரூபாய். மாதம் நாலைந்து எஸ்.எம்.எஸ். வாங்குவதற்கு இது அதிகம். துபாயில் அக்கவுண்டன்டாக இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊர் வருகிறவருக்குத் தெரியும். அவர்தான் ரீசார்ஜை நிறுத்துகிறார். நம்பரை இழப்பதும் பெரும்பாலும் அவர்தான்.

2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. டேட்டா வேண்டாம் என்பவர்களுக்காக, குரல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் கொண்ட பிளானைக் கட்டாயம் தர வேண்டும் என்றது. ஸ்பெஷல் வவுச்சரின் உச்ச வேலிடிட்டியை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 1,849 ரூபாய்க்கு 365 நாள், ஜியோ 1,748 ரூபாய்க்கு 336 நாள் என்று பிளான்கள் வந்தன. விலை மாறிக்கொண்டே இருக்கும், ரீசார்ஜ் செய்யும்போது பார்த்துக் கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வகை வருடப் பிளானைத்தான். ரியாத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தியாவில் தினம் இரண்டு ஜி.பி. எதற்கு?

இதிலும் எனக்குத் திருப்தி இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் இந்த சிம்மில் பேசவே போவதில்லை, பேசினால் ரோமிங் கட்டணம் தனி. அப்படியிருக்க அன்லிமிடெட் அழைப்புக்கு ஏன் காசு தர வேண்டும்? இன்கமிங் எஸ்.எம்.எஸ். மட்டும் வரும்படி, வருடத்துக்கு 300 ரூபாயில் ஒரு பிளான் தந்தால் நிறுவனங்களுக்கு என்ன குறைந்துவிடும்? வங்கியும் அரசும் சேர்ந்து மொபைல் நம்பரை அடையாள அட்டை போல ஆக்கிவிட்டார்கள். அடையாள அட்டைக்கு மாத வாடகை வசூலிப்பது நியாயமாகப் படவில்லை. டிராய் அடுத்து கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இனி ரோமிங் பேக். திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே ஆப் திறந்து ரோமிங் பேக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் சுற்றுலாவுக்குச் சரி. இரண்டு வருடத்துக்கு உதவாது. 2025-ல் ஏர்டெல் 4,000 ரூபாய்க்கு ஒரு வருட ரோமிங் பிளான் கொண்டுவந்தது. வெளிநாட்டில் கிடைப்பது 5 ஜி.பி. டேட்டா, 100 நிமிட அழைப்பு. அது ஒரு வருடத்துக்கு! வீட்டுக்கு வீடியோ காலில் பேசினால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியதில் முக்கியமானது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. பிளஸ் டூ படிக்கும்போது வாப்பா பெயரிலோ மச்சான் பெயரிலோ வாங்கிய சிம் இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் போன் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அவர்தான் ஆதாரோடு கடைக்குப் போக வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை நம்பர்கள் உள்ளன என்பதை சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். அதில் உங்கள் நம்பர் இல்லையென்றால், ஊரில் இருக்கும்போதே பெயர் மாற்றி விடுங்கள்.

போஸ்ட்பெய்ட் என்றால் ப்ரீபெய்டுக்கு மாறுங்கள். வெளிநாட்டில் தெரியாமல் டேட்டா ரோமிங் ஆன் ஆனால் ப்ரீபெய்டில் இருக்கும் பேலன்சுதான் போகும். போஸ்ட்பெய்டில் பில் வரும்.

இ-சிம்முக்கு மாற நினைப்பவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. சிம் மோசடியைத் தடுக்க 2022-ல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு இது. நாளை காலை விமானம், இன்று மாலை இ-சிம் என்றால், வழியில் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. கேட்கும் எதையும் கார்டு போட்டு வாங்க முடியாது. ஒரு வாரம் முன்பே முடித்து, வங்கி ஆப், யு.பி.ஐ. ஆப் எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். யு.பி.ஐ. ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் போனை அடையாளம் காண்கிறது. அங்கே போய் புது போன் வாங்கினால் அந்த எஸ்.எம்.எஸ்.சை ரோமிங்கில் அனுப்ப வேண்டி வரும்.

இன்டர்நேஷனல் ரோமிங் வசதியையும் இங்கேயே ஆன் செய்யுங்கள். ரோமிங்கில் இன்கமிங் எஸ்.எம்.எஸ். பொதுவாக இலவசம். ஆனால் பேக் எதுவும் போடாமலே வருமா என்று உங்கள் நிறுவனத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். விமானம் இறங்கியதும் இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து, அந்த நம்பருக்கு வரும் அழைப்பை எடுக்காமல் விடுங்கள். எடுத்தால் காசு. செலவுக் கணக்கில் வராமல் நம்பர் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக மாதம் ஒரு எஸ்.எம்.எஸ். மட்டும் அனுப்பி வையுங்கள். பழைய பட்டன் போனில் இந்திய சிம்மைப் போட்டு வைக்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவையே 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது, 3ஜியும் 2024-ல் போய்விட்டது. அங்கே அந்த போன் டார்ச் லைட்டுக்குத்தான் உதவும்.

இவ்வளவு எதற்கு, சிம்மை உம்மாவின் போனில் போட்டுவிட்டுப் போனால் அவர் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்ல மாட்டாரா? ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழியும் இதுதான். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பக்கம் பாடம் நடத்திவிட்டு, மறுபக்கம் போனில் கேட்டால் படித்துச் சொல்ல நாமே அவரைப் பழக்குகிறோம். நாளை உங்கள் குரலில் இன்னொருவன் கேட்டாலும் அவர் சொல்லிவிடுவார். தவிர, 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற ஆப்கள், பதிவு செய்த சிம் அதே போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்திய நம்பரில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர் சிம்மையும் கூடவே கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். எனவே இரண்டு சிம் போடும் போனாகப் பார்த்து வாங்குங்கள்.

என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குக்காரர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் சிங்கப்பூர், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன் உட்பட 10 நாடுகளின் நம்பர்களிலேயே யு.பி.ஐ. இயக்க என்.பி.சி.ஐ. அனுமதித்தது. எல்லா வங்கியிலும் கிடைப்பதில்லை. உங்கள் வங்கியில் இருந்தால் ஓரளவு நிம்மதி. ஆதாருக்கு அப்போதும் இந்திய நம்பர்தான்.

இப்போது அந்த ஊர் பிளானுக்கு வருவோம். முதல் மூன்று மாதம் ப்ரீபெய்டே போதும். வேலை நிலைக்குமா, தங்குமிடத்தில் வை-பை இருக்கிறதா என்பது தெரியும் முன்பே ஒரு வருட ஒப்பந்தத்தில் போன் வாங்கிவிட்டு, பாதியில் வேலை மாறி அபராதம் கட்டுகிறவர்கள் அதிகம். அமீரகத்தில் இன்னொரு விஷயம். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், வாட்ஸ்அப் கால் இணையாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்களில்தான் பேச வேண்டும். 2018-ல் எடிசலாட் இதற்கென்றே மாதம் 50 திர்ஹாமுக்கு ஒரு பேக்கேஜ் விற்றது. எனவே டேட்டா எத்தனை ஜி.பி. என்று பார்ப்பதோடு, இந்தியாவுக்குப் பேச எத்தனை நிமிடம் தருகிறார்கள் என்றும் பாருங்கள். "வி.பி.என். போட்டால் வாட்ஸ்அப் கால் வரும் காக்கா" என்று அறை நண்பர் சொல்வார். 2021-ன் சைபர் குற்றச் சட்டத்தில், வி.பி.என். மூலம் குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹாம் முதல் அபராதம் உண்டு. நண்பர் அதைக் கட்டமாட்டார்.

வளைகுடாவில் ஐபோன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025-ல் வந்த ஐபோன் 17 வரிசை சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் இ-சிம் மட்டும் கொண்டே விற்கப்படுகிறது. சிம் போடும் துளையே இருக்காது. ஊரில் தம்பிக்கு என்று வாங்கி வரும் முன், தம்பியின் நம்பரை இ-சிம்மாக மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதே தலைவலி திரும்பி வரும்போதும் உண்டு. சவூதியில் இருப்பவர்களின் அப்ஷிர் லாகினுக்கு ஓ.டி.பி. சவூதி நம்பருக்குத்தான் வரும். மூன்று மாத விடுப்பில் ஊர் வருகிறவர்கள் அந்த சிம்மில் பேலன்சும் ரோமிங்கும் இருக்கிறதா என்று ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்ஷிரில் நுழைய வேண்டி வந்தால் அந்த நம்பர் ஊரில் உங்கள் கையில் வேலை செய்ய வேண்டும்.