மருந்தின் மீது மட்டும் பழியா?

"மருந்து சரியில்லை!" ஆலை வாசலில் அடிக்கடி நம் காதில் விழும் புகார் இது. இழுப்புக்கென்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை மாதக் கணக்கில் உறிஞ்சியும் குணமில்லை. ஏழைக்கு மட்ட மருந்துதான் என்கிறார்கள் தோழர்கள். சர்க்கார் மருந்தின் குறைகளுக்கு வக்காலத்து வாங்குவது நமது வேலையல்ல. ஆனால் மருந்தைக் கூண்டில் ஏற்றுமுன், தோழரின் காதிடுக்கில் இருக்கும் பீடியையும் விசாரித்தாக வேண்டும்.

கிளாஸ்கோ, கப்பல் கட்டும் பாட்டாளிகளால் பேர்பெற்ற நகரம். அங்கே 2002-இல் டாக்டர்கள் ஆஸ்துமாக்காரர்களுக்கு, புகைப்போர் புகைக்காதோர் என்று பிரித்து, ஒரே ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கொடுத்துப் பார்த்தார்கள். புகைக்காதவருக்கு மூச்சு தெளிந்தது. புகைத்தவருக்கோ சொல்லும்படியான பலனில்லை. அதே மருந்து, அதே அளவு!

காரணம் என்ன? மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்க, அங்குள்ள உயிரணுவில் ஒரு நொதியின் துணை ஸ்டீராய்டுக்குத் தேவை. அந்த நொதியையே புகை முடமாக்குகிறது என்பதை லண்டனில் பீட்டர் பார்ன்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். தியோஃபிலின் மாத்திரையின் கதை வேறு: புகைப்பவரின் ஈரல் அதை விரைவாகக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. இந்த ஆய்வுகள் சிகரெட்டைப் பற்றியவை. பீடிக்கு விலக்கு உண்டென்று எண்ண இடமில்லை.

இதைப் படித்துவிட்டு இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தோழர்களே! அரைகுறைப் பலனும் உயிர் காக்கும். தியோஃபிலின் சாப்பிடுகிறவர் புகையை நிறுத்தினால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய அளவே அதிகமாகிப்போய் வாந்தியும் படபடப்பும் வரும், வலிப்பும் வரலாம்.

நிறுத்தினால் மீட்சி உண்டா? உண்டு. அதே கிளாஸ்கோவில் 2006-இல் வெளியான ஆய்வில், ஆறே வாரம் புகையைக் கைவிட்டவர்கள் ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று, கைவிடாதவர்களோடு ஒப்பிட, சுமார் 400 மில்லிலிட்டர் கூடியிருந்தது. கைவிட்டவர் பத்துப் பேரே, சிறிய ஆய்வுதான். ஆனால் மாடிப்படி ஏறுகிறவனுக்கு அந்தக் காற்றின் அருமை தெரியும்.

சர்க்காரை நாம் கேட்கிறோம்: சிகரெட்டில் வரி வாங்கத் தெரிந்த உங்களுக்கு, ஒவ்வொரு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் புகையை விட உதவும் ஓர் ஆளை அமர்த்தத் தெரியாதா? இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் டாக்டருக்கு, "புகைப்பீரா?" என்று கேட்க நேரமில்லையா? பீடி சுற்றும் நம் சகோதரிகளின் பிழைப்பை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு மாற்று வேலை தரும் கடமையும் சர்க்காருடையதே.

நமக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. கடும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளில், வீட்டார் விடும் புகையைச் சுவாசிப்பவர்களிடம் அதே நொதி குன்றியிருப்பதை 2014-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். பொது இடத்தில் புகைக்க 2008 முதல் தடை இருக்கிறது. நமது படிப்பகத்திலோ பத்திரிகையின் மேலேயே சாம்பல் உதிர்கிறது. வரும் ஞாயிறு கிளைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். பீடியை வாசலில் அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.